பாட்டியின் கைக்குட்டை

சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. அங்கே அரண்மனை ஏதுமில்லை. அர்மேனியர் தெரு என்பதே மக்கள் வாயில் அவ்வாறு மருவிற்று. உலகின் முதல் அர்மேனிய இதழை ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்னும் பாதிரியார் 1794இல் வெளியிட்டதும் அந்நகரிலேதான். அவ்வினத்துப் பெண்டிர் சிலரின் கலையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

1915இல் ஒட்டோமான் பேரரசில் நிகழ்ந்த இனப்படுகொலைக்குத் தப்பியோர் பல நாடுகளிற் சிதறினர். நூறாண்டு கழித்து, 2015இல், வெனிஸ் கலைவிழாவில் அர்மேனியாவின் சார்பில் ஒரு கூட்டுக் கண்காட்சி நடைபெற்றது. அமைத்தவர், இஸ்தான்புலில் பிறந்த அடெலினா ஃபான் ஃபூர்ஸ்டென்பெர்க் அம்மையார். இடம், சான் லாசரோ என்னும் சிறு தீவு. 1717இல் அர்மேனியத் துறவி மெகிதார் அங்கே குடியேறினார். அவர் வழிவந்தோரின் மடம் பழஞ்சுவடிகளைக் காத்து வருகிறது.

ஆடவரும் அதில் பங்கு கொண்டனர். எனினும் நெஞ்சில் நிலைப்பவை பெண்டிர் படைத்தவையே. புவனோஸ் அயர்ஸில் பிறந்த சில்வினா டெர் மெகெர்டிச்சியன், தம் கொள்ளுப்பாட்டி கைப்பட எழுதிய மருத்துவக் குறிப்பேட்டையே கலைப்பொருளாக்கினார். (ஊர்விட்டு வந்த நம் இல்லங்களிலும் கஷாயக் கணக்கு எழுதிய பழைய நோட்டுகள் உண்டல்லவா!) பிரேசில் நாட்டு ரோசானா பலாஜியனோ, பாட்டியின் பூத்தையல் கைக்குட்டை ஒன்றைப் பற்றிக்கொண்டு, அவர் நாடிழந்த கதையைத் திரைப்படமாக்கினார். மற்றொரு படைப்பில் களைச்செடிகளைத் துணியிலே தைத்தார். எது பயிர், எது களை எனத் தீர்ப்பவர் யார் என்பதே அவர் வினா.

சிறந்த நாட்டு அரங்குக்குரிய தங்கச் சிங்க விருது அவ்வாண்டு அத்தீவுக்கே சென்றது.