சோம்பல் என்னும் பழி: மலாய்க்காரரும் சீனரும் நமக்குத் தரும் வரலாற்றுப் பாடம்



நாகூர், காரைக்கால், இராமநாதபுரம் வட்டாரங்களில் மலாயா சபுராளிகள் இல்லாத தெருவைக் காண்பது ஒரு காலத்தில் அரிது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், பல்லாண்டு கழித்து ஊர் திரும்புகையில் துணிமணிகளோடும் தைலப் புட்டிகளோடும் ஒரு சொல்லையும் கொண்டுவந்தார்கள். "சீனன் உழைப்பான், மலாய்க்காரன் படுத்துக் கிடப்பான்" என்பதே அச்சொல். மலாய்க்காரர் நம் தீனைச் சேர்ந்தவர்கள் என்பதால் அதைச் சற்று வருத்தத்தோடு சொன்னார்கள். ஆனால் அது பொய்யாக இருக்கக்கூடும் என்று எவரும் ஐயுற்றதில்லை. திண்ணையில் அமர்ந்து கேட்ட நாமும் ஐயுறவில்லை.

இன்று அதே சொல் சிறிது உருமாறி நம்மை நோக்கியும் வருகிறது. "முஸ்லிம்கள் படிக்க மாட்டார்கள், மீசை முளைக்குமுன் பிள்ளையைக் கடைக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பிவிடுவார்கள்" என்று பிறர் சொல்கிறார்கள், நம் மேடைகளில் நாமே சொல்லிக்கொள்கிறோம். ஒரு சமூகம் ஏன் பின்தங்குகிறது, மற்றொன்று ஏன் முந்துகிறது என்ற கேள்விக்குக் குணத்தைக் காரணம் காட்டுவது எளிது. அவ்விடை சரிதானா என்பதை மலாய்க்காரர், சீனர் ஆகிய இரு சமூகங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

நாகூர் வேர் கொண்ட ஒருவரின் சாட்சியம்

நவீன மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்துப் பின்னர் மலாக்காவில் குடியேறியவர்கள். அவர் தமிழும் கற்றவர். 1838ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடல்வழியே சென்ற அவர், வழியில் பஹாங், திரங்கானு ஊர்களில் கண்டவற்றை நூலாக எழுதினார். நிலம் வளமாக இருந்தும் மக்கள் ஏழைகளாக இருப்பதைக் கண்டு அதற்கான காரணத்தை அவர் விசாரித்தார். நல்ல வீடு கட்டினாலும் தோட்டம் வளர்த்தாலும் அரசரும் அவர் ஆட்களும் கைப்பற்றிக்கொள்வார்கள் என்ற அச்சமே மக்களின் ஊக்கத்தைக் கெடுத்தது என்பது அவர் கண்ட விடை.

இது கவனிக்கத்தக்கது. மக்கள் உழைக்காதிருந்ததை அவர் மறைக்கவில்லை. அதைக் கடுமையாகவே எழுதினார். ஆனால் அதை அவர்களின் பிறவிக் குணம் என்று விட்டுவிடாமல், உழைப்பின் பயன் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தார். 1854இல் ஹஜ் பயணத்தின்போது அவர் வஃபாத்தானார். அவர் கேட்ட கேள்வியை அடுத்த நூறாண்டுகளில் ஆட்சி செய்தவர்கள் கேட்கவே விரும்பவில்லை.

ஆளுக்கொரு இடம்

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் மலாய் நாடுகளில் ஒவ்வொன்றாகக் காலூன்றினர். லாரூட்டிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் வெள்ளீயச் சுரங்கங்கள் பெருகின. ரப்பர்த் தோட்டங்கள் காட்டை விழுங்கின. சுரங்கத்திற்குத் தென்சீனத்திலிருந்து ஆட்கள் வந்தனர். தோட்டத்திற்குக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்பிடித்தனர். மலாய்க்காரரோ நெல்வயலிலும் மீன்பிடியிலும் இருத்தப்பட்டனர்.

மலாய்க்காரர் ஏன் சுரங்கத்திற்குச் செல்லவில்லை? அவர்களுக்குச் சொந்த வயலும் படகும் இருந்தன. கப்பல் கட்டணக் கடனில் சிக்கி வந்தவனைப் போல, சொல்லும் கூலிக்குச் சொல்லும் நேரம் உழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பிறர் நிலத்தில் கூலியாக மறுத்தவர்களையே ஆட்சியாளர் சோம்பேறிகள் என்றனர் என்பதைச் சமூகவியல் அறிஞர் சையித் ஹுஸைன் அல்அத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். விடியுமுன் வயலில் இறங்கும் உழவனின் உழைப்பு, காலனியக் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை.

கல்வியும் இந்தப் பிரிவினையை இறுக்கியது. மலாய்க் கிராமங்களில் அரசு இலவசப் பள்ளிகளை நடத்தியது உண்மையே. ஆனால் அவற்றின் நோக்கம், மீனவன் மகனைச் சற்றே அறிவுள்ள மீனவனாகவும் உழவன் மகனைச் சற்றே அறிவுள்ள உழவனாகவும் ஆக்குவதுதான் என்பதை அன்றைய அதிகாரிகள் ஒளிவின்றியே எழுதினர். உயர்குடிப் பிள்ளைகளுக்கென 1905இல் கோலகங்சாரில் தனிக் கல்லூரி எழுந்தது. வேலைக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன. மலாய்க்காரர் கிராமங்களில் இருந்தனர். அப்பள்ளிகளில் பலவற்றைக் கிறிஸ்தவ மிஷன்கள் நடத்தியதால் பிள்ளைகளின் ஈமான் பறிபோகுமோ என்றும் பெற்றோர் அஞ்சினர். அதே அச்சம் நம் பாட்டனார்களிடமும் இருந்ததை நாம் மறந்துவிடலாகாது.

நிலத்தைக் காக்க வந்த சட்டமும் ஒரு வகையில் கட்டிப்போட்டது. 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அந்நிலங்களைப் பிறருக்கு விற்பதைத் தடுத்தது. நிலம் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் வாங்குவோர் குறைந்ததால் அதன் விலை தாழ்ந்தது, ஈடாக வைத்துக் கடன் பெறுவதும் கடினமாயிற்று. பணம் தேவைப்பட்ட உழவன், கதிர் முற்றுமுன்பே குறைந்த விலைக்கு நெல்லைக் கடைக்காரரிடம் பேசிவிட்டான். விளைந்ததும் நெல் கடனுக்குப் போயிற்று. மறுநாள் புதிய கடன் தொடங்கிற்று.

சீனரின் மறுபக்கம்

மலாய்க்காரர்மீதான பழியைத் துடைக்கச் சீனரைப் பழிப்பது நீதியாகாது. "சீனன் பணக்காரன்" என்பதும் பாதி உண்மையே. முதல் தலைமுறைச் சுரங்கக் கூலிகள் மலேரியாவுக்கும் பெரிபெரி நோய்க்கும் கூட்டங்கூட்டமாக இரையானார்கள். சுரங்க முதலாளியிடமே அரிசியும் அபினும் கடனாக வாங்கி, கூலியை அவரிடமே இழந்தார்கள். அந்த அபினின் வரிதான் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் பெரும்பங்காக இருந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது, 1950இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். 1970இல்கூடச் சீனக் குடும்பங்களில் நான்கில் ஒன்று வறுமையில் இருந்தது.

பின் எவ்வாறு முந்தினார்கள்? பணப்புழக்கம் உள்ள இடத்தில் இருந்தார்கள் என்பது முதற்காரணம். தங்களுக்கென அமைப்புகளை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது அடுத்தது. ஒரே ஊரார், ஒரே குலப்பெயரார் சேர்ந்த சங்கம், புதிதாய் வந்தவனுக்குத் தங்க இடமும் வேலையும் தந்தது. இறந்தால் அடக்கச் செலவையும் ஏற்றது. நம் பெண்கள் போடும் சீட்டைப் போன்ற ஏற்பாட்டால் கடை வைக்க முதல் திரட்டினார்கள். தம் மொழியில் பள்ளிகளைத் தம் நன்கொடையிலேயே நடத்தினார்கள்.

எண்கள் சொல்வது

1957இல் சுதந்திரம் வந்தபோது இந்தப் பிளவு அப்படியே கைமாறியது. 1969 மே 13இல் கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 196 உயிர்கள் பலியாயின. இறந்தோரில் பெரும்பான்மையினர் சீனர்.

1970ஆம் ஆண்டின் நிலை இதுதான். தீபகற்ப மலேசியாவில் மலாய்க் குடும்பங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு வறுமையில் இருந்தன; இந்தியரில் 39, சீனரில் 26. சராசரிச் சீனக் குடும்பத்தின் வருமானம் மலாய்க் குடும்பத்தினுடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரருக்கும் பிற பூமிபுத்ராக்களுக்கும் இருந்தது 2.4 விழுக்காடு, சீனருக்கு ஏறத்தாழ 27. இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சண்டையிட்டவர்கள், மீதியில் 60 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டார் கையில் இருந்ததைப் பெரிதும் பேசவில்லை. பெரும்பங்கு கடல்கடந்து போக, எஞ்சியதற்காக அண்டை வீட்டார் மோதிக்கொண்டனர்.

1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை இரு நோக்கங்களை அறிவித்தது: இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. 1990இல் வறுமை ஆறில் ஒரு குடும்பம் என்ற அளவுக்கு இறங்கியது. பூமிபுத்ராக்களின் பங்குடைமை இலக்கான 30ஐ எட்டாவிடினும் ஏறத்தாழ 19 விழுக்காட்டைத் தொட்டது. சீனரின் பங்கும் 45 அளவுக்கு உயர்ந்தது. குறைந்தது வெளிநாட்டார் பங்கு. இந்தியரின் பங்கோ ஒரு விழுக்காட்டளவிலேயே நின்றது. அண்மைக் கணக்கெடுப்புகளில் சீனக் குடும்ப வருமானம் பூமிபுத்ராக்களினுடையதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

ஒரே தலைமுறையில் ஒரு மக்களின் பிறவிக் குணம் மாறிவிடாது. பள்ளியும் நிலமும் மூலதனமும் வேலைவாய்ப்பும் மாறின, பலனும் மாறிற்று. ஆனால் இக்கொள்கையின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. சலுகையின் பெரும்பயன் அரசியல் நெருக்கம் உள்ள சிலருக்கே போயிற்று. மலாய்ப் பெயரில் உரிமம், வேறொருவர் கையில் தொழில் என்ற கூட்டு ஏற்பாடுகள் பெருகின. தகுதியிருந்தும் இடம் கிடைக்காத சீன, இந்திய மாணவர்கள் மனம் கசந்தனர். பலர் நாட்டை விட்டே சென்றனர்.

கைலியை எண்ணிய பேராசிரியர்

இவ்வரலாற்றில் நாம் அதிகம் தங்கி நோக்க வேண்டிய மனிதர் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸீஸ். கிராம வறுமையை அளக்க அவர் கையாண்ட வழி எளியது: ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணினார். ஏழை வீட்டில் அது குறைந்திருந்தது.

மலாய்க் கிராமத்தார் சேமிக்காதவர்கள் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. அவர்கள் ஹஜ்ஜுக்காகப் பல ஆண்டுகள் சேமித்தார்கள். ஆனால் வட்டி கலக்கும் என்று அஞ்சி வங்கிக்குப் போகாமல் தலையணைக்கடியிலும் மெத்தைக்கடியிலும் வைத்தார்கள். பணம் போதாதபோது வயலையும் எருமையையும் விற்றார்கள். ஹாஜியாகத் திரும்பியவர் உழ நிலமின்றி வறுமையில் வீழ்ந்தார். குறை அந்த உழவரின் உழைப்பிலும் இல்லை, மார்க்கப் பற்றிலும் இல்லை. ஹலாலான முறையில் பணத்தை வைத்து வளர்க்க ஓர் இடம் இல்லாததே குறை.

1959இல் இதற்கொரு திட்டத்தை அவர் முன்வைத்தார். 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. இன்று அது தாபுங் ஹாஜி என்று அறியப்படுகிறது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் செலுத்திய தொகை ஏறத்தாழ 46,600 வெள்ளி. வட்டியின்றித் தோட்டங்களிலும் தொழில்களிலும் முதலீடு செய்து இலாபத்தைப் பங்கிட்டார்கள். இன்று அதில் கணக்கு வைத்திருப்போர் ஏறத்தாழ 90 லட்சம். இதுவும் பிழையற்றதன்று: பொறுப்புகள் சொத்தை விஞ்சியதால் 2018இல் அரசு தலையிட்டுச் சீரமைக்க நேர்ந்தது. அமானிதத்தைக் காக்கக் கணக்கும் தணிக்கையும் ஓயாமல் வேண்டும் என்பது அதன் பாடம்.

நமக்கு

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம், ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரை ஏளனம் செய்வதைத் தடுக்கிறது. 'சோம்பேறி மலாய்க்காரன்', 'பேராசைக்காரச் சீனன்' என்று நம் வீட்டில் சொல்லப்படும் கதைகள் இத்தடைக்குள் அடங்குமா என்று நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு சமூகம் தன்னை மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்று ஸூரத்துர் ரஃது உணர்த்துவதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். பெரும்பாலும் பிறரைக் கடிந்துகொள்ளவே பயன்படுத்துகிறோம். மலாய் உழவர் தம் ஈமானையோ உழைப்பையோ மாற்றவில்லை. மெத்தைக்கடியில் இருந்த பணத்தைச் சேமிப்புப் புத்தகத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன், அவர்களைக் கண்டிக்காமல் அவர்கள் வீட்டுக்குச் சென்று கைலியை எண்ணிய ஒருவர் தேவைப்பட்டார்.

நம் மஹல்லாவில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் மாணவனைப் பற்றி அடுத்த முறை பேசும்போது, "இவர்கள் இப்படித்தான்" என்று முடித்துவிடாமல் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். கட்டணமா, கடனா, வழிகாட்ட ஆளில்லையா என்று கேட்போம். ஜமாஅத்தின் ஜகாத் கணக்கிலும் வக்ஃப் வருமானத்திலும் அதற்கு என்ன செய்ய இயலும் என்பதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசுவோம்.

பிறரை நீதியோடு எடைபோடவும், நம்மை நேர்மையோடு ஆராயவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.