அண்ணா, ஏற்காட்டுக்கு இதுதானே வழி?

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் ரோட்டில் போனால் குப்பனூர் வரும். ஏற்காட்டுக்கு இன்னொரு மலைப்பாதை அங்கே பிரிந்து, கொட்டச்சேடு வழியாக மேலே ஏறுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரம் பாதைதான் பேர் பெற்றது. இது அதன் தம்பி. வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாததால்தான் குப்பனூரில் கார்கள் நின்றன, கண்ணாடிகள் இறங்கின, "அண்ணா, ஏற்காட்டுக்கு இதுதானே வழி?" என்ற கேள்வி காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தக் கேள்வி காலமாகிவிட்டது. கார்கள் இப்போதும் திரும்புகின்றன, முன்பைவிட அதிகமாகவே. கண்ணாடிதான் இறங்குவதில்லை.

இறந்த தேதியைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிசகை அமெரிக்கா நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி பத்து இருபது மீட்டருக்குள் வந்து நின்றது. கண்டம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா சல்லிசானபோது படுக்கையில் விழுந்தது. அப்புறம் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வழி கேட்பதில் ஒரு முறை இருந்தது. முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருகிறவரின் வேலை அது. மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர், தலையை வெளியே நீட்டத் தெரிந்தவராக இருப்பார். யாரைக் கேட்பது என்பதில்தான் சாமர்த்தியம். சின்னப் பையன் சிரித்துவிட்டு ஓடிவிடுவான். பைக்கை ஓரங்கட்டி நிற்பவன் அவனே வெளியூராக இருப்பான். லேசாகத் தள்ளாடுகிறவரைக் கேட்டால் "நானே வந்து காட்டுறேன்" என்று கதவைத் திறப்பார். டீக்கடை, பஞ்சர் கடை, இஸ்திரி வண்டி என்று பகல் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறவர்கள்தான் தோது. மரியாதை தெரிந்த டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார்.

பதில் நேராக வராது. "எங்கிருந்து வர்றீங்க?" என்று ஆரம்பிக்கும். ஈரோடு என்றால், "அப்ப அடிவாரம் வழியா ஏறியிருக்கலாமே, ஏன் இத்தனை சுத்து?" என்று ஒரு குட்டு. அதற்குப் பிறகுதான் வழி. தூரத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது. கை எவ்வளவு உயரம் எழும்புகிறதோ, 'அங்ங்ங்க' எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு தொலைவு. இடது வலது குழம்பக் கூடாதென்று பீச்சாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம். 'கிட்டத்துலதான்' என்று சொன்னால் மட்டும் பெட்ரோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம் கடைசியில் வரும், பெரும்பாலும் வண்டி நகர ஆரம்பித்த பிறகு. "மேல ரெண்டு நாளா மழை, வளைவுல மண்ணு கிடக்கும், பாத்துப் போங்க. ஏறி வர்ற வண்டிக்கு ஒதுங்கி வழி விடுங்க. இறங்கறப்போ பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராதீங்கண்ணா, செகண்ட் கியர்ல விட்டு இறக்குங்க." சமவெளிக்காரருக்கு இந்தக் கடைசி வாக்கியம் உயிர்ப்பிச்சை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் பட்டை சூடேறி, கருகல் நாற்றம் வந்து, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. வண்டியை இன்ஜின்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இன்றைக்குப் பத்து அங்குலத் திரை வைத்த ஆட்டோமேட்டிக் காரில் வருகிறவர்கள் பலருக்கு, கியர் லீவர் பக்கத்தில் 'எல்' என்ற எழுத்து எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. திரை அடுத்த வளைவு எத்தனை மீட்டரில் என்று சொல்கிறது, எந்தக் கியரில் என்று சொல்வதில்லை.

மலைக்குப் போகிறவனுக்கு வழி சொல்வது தமிழில் தனி இலக்கிய வகையாகவே இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. அதில் மலைபடுகடாம் நமக்கு ரொம்பப் பக்கம். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கம், சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே இருக்கிற அதே செங்கம். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவல்காரன் விடும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, பாம்பு கிடக்கும் குழி, கால் வழுக்கும் இடம், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று எல்லாம் வருகிறது. குப்பனூர் டீக்கடைக்காரர் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. வழி சொல்வதென்றால் ஆபத்தையும் சேர்த்துச் சொல்வது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கூகுளுக்கும் ஒரு காலத்தில் இது தெரிந்தது. தெருப்பெயரும் மீட்டர் கணக்கும் இந்தியாவில் செல்லாது, இங்கே ஆட்கள் கோயிலையும் பெட்ரோல் பங்கையும் வைத்துத்தான் வழி சொல்கிறார்கள் என்று கண்டு, 2009 டிசம்பரில் நம் ஊருக்கென்று அடையாளங்களைச் சேர்த்து வழிகாட்டத் தொடங்கியது. டீக்கடைக்காரரிடம் தொழில் கற்றுக்கொண்டு அவர் கடை முன்னாலேயே கடை போட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

செத்தவரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனால் போனவர் அவ்வளவு உத்தமர் இல்லை. தெரியாது என்ற சொல் நம் ஆட்களின் வாயில் வரவே வராது. தெரியாத வழியையும் தெம்பாகக் காட்டி ஐந்து கிலோமீட்டர் அலைய விட்டிருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். "யார் வீட்டுக்கு?" என்ற கேள்விதான் மோசம். வழி சொல்லும் சாக்கில் தெருவைக் கேட்டு, தெருவை வைத்து சாதியைக் கண்டுபிடித்து, அதற்கப்புறம் குரல் மாறுவதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் வழி கேட்கவே கூசி, பஸ் ஸ்டாண்டிலேயே சொந்தக்காரருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்குக் கைபேசி பெரிய விடுதலை. தனியாகக் கார் ஓட்டும் பெண்ணுக்கும் அப்படித்தான். பொழுது சாய்ந்த பிறகு மலையடிவாரத்தில் கண்ணாடியை இறக்கி, நான் தனியாகத்தான் வருகிறேன், எனக்கு வழி தெரியாது என்ற இரண்டு செய்தியையும் ஊருக்கு அறிவிக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமல் போனது. இந்தச் சாவுக்கு அழாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் கூடலூரை நினைத்தால் நெருடுகிறது. 2024 ஜனவரியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த கர்நாடகச் சுற்றுலாப் பயணிகளின் கார், கூகுள் மேப் காட்டிய குறுக்குவழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. உள்ளூர்க்காரர்களும் போலீசாரும் சேர்ந்துதான் மேலே கொண்டுவந்தார்கள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கேட்கவில்லை, கேட்காமலேயே ஊர் வந்து கை கொடுத்தது.

நரம்பியல்காரர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் டாக்சி ஓட்ட வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேற வேண்டும். அந்த டிரைவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலனார் மக்வயர் குழு 2000-இல் காட்டியது. ஜிபிஎஸ்ஸையே நம்பி ஓட்டுகிறவர்களின் இட நினைவு மங்குவதாக 2020-இல் கனடாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது, சிறிய ஆய்வுதான். ஆய்வை விடுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வழிப்படம் வரையச் சொன்னால், வேனில் கைபேசி பார்த்துக்கொண்டே வரும் பிள்ளை வீட்டையும் பள்ளியையும் வரைந்துவிட்டு நடுவில் ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டில் புளியமரம் இல்லை, ரேஷன் கடை இல்லை, பாட்டி வீடு இல்லை.

மே மாதக் கோடை விழாவின்போது மட்டும் குப்பனூருக்குப் பழைய வாடை கொஞ்சம் திரும்புகிறது. கூட்டம் தாங்காமல் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழிப்பாதை ஆக்கிவிட்டால், திரையில் நீலக்கோடு ஒரு பக்கம் இழுக்க, தடுப்புக் கட்டை இன்னொரு பக்கம் தள்ளும். "மேப்புல இப்படித்தானே சார் காட்டுது?" என்று கான்ஸ்டபிளிடம் கேட்கிறார்கள். அது வழி கேட்பது இல்லை, வழக்குப் போடுவது.

உண்மையான வாரிசு வேறு இடத்தில் இருக்கிறது. பார்சல் கொண்டுவரும் தம்பிகளின் போனில். லொகேஷன் அனுப்பி, பின்கோடு கொடுத்து, வீட்டு நம்பர் எழுதி, எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் போன் வந்துவிடுகிறது.

"அக்கா, மேப்பு இங்கதான்கா காட்டுது. வீட்டைக் காணோம்."

"நீ எங்க நிக்கிற? எதிர்ல என்ன தெரியுது?"

"வாட்டர் டேங்க் ஒண்ணு இருக்குதுக்கா. பக்கத்துல ஒரு மாட்டுக் கொட்டாய்."

"அப்ப தாண்டிப் போயிட்ட தம்பி. திரும்பி வா, சோத்தாங்கைப் பக்கம் ஒரு பச்சை கேட்டு. நாய் இருக்கு, ஹாரன் அடிச்சுட்டு நில்லு, நான் வர்றேன்."