விட்டதற்குக் கணக்கு: தொழில் வடிவமைப்புக் கல்வியில் அமைப்புப் படங்கள்

நாற்காலி, விளக்கு, வானொலிப் பெட்டி என்று கைக்கு எட்டும் பொருள்களின் உருவத்தைத் தீர்மானிப்பதே தொழில் வடிவமைப்பின் பிரதான காரியமாக இருந்த காலத்தில், மாணவன் கற்கவேண்டிய சித்திர வித்தையும் ஒருவாறு வரையறைக்கு உட்பட்டதாகவே இருந்தது. பொருளை எதிரே வைத்துக்கொண்டு, அதன் முகப்பையும் பக்கவாட்டையும் மேல்தோற்றத்தையும் அளவு பிசகாமல் தாளில் இறக்கத் தெரிந்தவன் பாதி வித்தையைக் கற்றவனாகவே கருதப்பட்டான். இன்றோ அதே மாணவனிடம் ஒரு வங்கியின் கடன் வழங்கும் முறையையோ, ஒரு நகரத்தின் போக்குவரத்தையோ, ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவையோ செப்பனிடச் சொல்கிறோம். எதிரே வைத்துக்கொண்டு வரைய அவனுக்கு ஒரு வஸ்துவும் இல்லை. பாதி மனிதர்களின் பழக்கமாகவும், பாதி காகிதமாகவும், மிச்சமெல்லாம் காத்திருத்தலாகவும் உள்ள ஒன்றை அவன் கண்முன் நிறுத்த வேண்டியிருக்கிறது. இதைக் கற்பிக்கும் இடங்களில் தெளிவான, அழகான படத்துக்குத் தகுதிக்கு மிஞ்சிய மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்பதும், படத்திலிருந்து எதை விட்டோம் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கமே முதலில் ஊட்டப்பட வேண்டியது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

தெளிவான படத்துக்கு உதாரணம் கேட்டால் எல்லாரும் சுட்டுவது லண்டன் சுரங்க ரயிலின் படத்தைத்தான். அந்தப் புகழ் நியாயமானதே. அந்த ரயில்வேயின் சமிக்ஞைப் பிரிவில் படம் வரைபவராக வேலை பார்த்த ஹாரி பெக், 1931இல் நோட்டுப் புத்தகத் தாளில் பென்சிலாலும் வண்ண மையாலும் அதன் முதல் உருவைத் தீட்டினார். அதற்கு முந்திய படங்கள் பூகோளத்துக்கு விசுவாசமாக இருந்தமையால், நகரின் மத்தியில் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்க, புறநகர்க் கோடுகள் தாளை விட்டே ஓடப் பார்த்தன. பூமிக்கு அடியில் செல்லும் பிரயாணிக்குத் தடத்தின் வளைவு நெளிவுகளால் பிரயோஜனம் இல்லை என்பதையும், அடுத்து வரும் நிலையம் எது, எங்கே இறங்கி வண்டி மாறுவது என்ற இரண்டே அவனுக்கு வேண்டியவை என்பதையும் கண்டுகொண்ட பெக், கோடுகளை நெட்டாகவும் கிடையாகவும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வாகவும் மட்டுமே செல்லவிட்டு, மத்திய பகுதியை விரித்து, நிலையங்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் நிறுத்தி, தரைக்கு மேலுள்ளவற்றில் தேம்ஸ் நதி ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் அழித்துவிட்டார். மரபுக்கு மிகவும் புறம்பானது என்று விளம்பரப் பிரிவு முதலில் ஒதுக்கிய அப்படம், 1933 ஜனவரியில் பரீட்சார்த்தமாகச் சட்டைப்பை அளவில் அச்சாயிற்று. ஜனங்கள் அதை உடனே தமதாக்கிக்கொண்டார்கள்.

ஆயினும் அழித்தவற்றுக்கு ஒரு விலை உண்டு. லெஸ்டர் ஸ்குவேர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான்; படியிறங்கி வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். படமோ அந்த இடைவெளியை மற்ற இடைவெளிகளைப் போலவே காட்டுவதால், ஊருக்குப் புதியவர்கள் சீட்டு வாங்கி ரயிலேறுகிறார்கள். அறியாதவர்களின் பிழை மட்டுமே இது என்று கொள்வதற்கும் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் குவோ 2011இல் வெளியிட்ட ஆய்வு, லண்டன் பிரயாணிகள் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, படத்தில் தோன்றும் தூரத்துக்கு, உண்மையில் செலவாகும் நேரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு செல்வாக்கு இருப்பதாகக் கண்டது. நாள்தோறும் போய்வருகிறவனுடைய கால்களின் அனுபவத்தையே ஒரு தாள் வென்றுவிடுகிறதென்றால், அத்தாளை வரைகிறவனின் பொறுப்பு எத்தகையது என்பதை யோசிக்க வேண்டும்.

பெக்கின்மேல் நான் குறை சொல்ல வரவில்லை. எதை விடுகிறோம், யாருக்காக விடுகிறோம் என்பதை அறிந்தே விட்டவர் அவர். என் கவலையெல்லாம் அவருடைய முடிவைப் பார்த்து அதையே தொடக்கமாகக் கொள்ளும் மாணவனைப் பற்றியது. புறநோயாளிப் பிரிவு ஒன்றை வரையச் சொன்னால், அன்று மாலைக்குள் அவன் நான்கு கட்டங்களைப் போட்டு அம்புக்குறியால் இணைத்துக் கொண்டுவருவான்: ஓ.பி. சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து. பார்க்க லட்சணமாக இருக்கும். அந்த அம்புக்குறிகளுள் ஒன்றின் உள்ளே, அன்றைய கூலியை விட்டுவிட்டுத் தாயை அழைத்து வந்த மகன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். பழைய சீட்டுகளும் எக்ஸ்ரேயும் அடங்கிய மஞ்சள் பை அவன் மடியில் இருக்கிறது. பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்குள் டாக்டர் எழுந்து போய்விட்டால் நாளை மறுபடியும் வரவேண்டும். ஊருக்குப் போகும் பஸ்ஸோ நினைத்த நேரத்துக்குக் கிடைப்பதில்லை. செப்பனிட வேண்டிய சிக்கல் முழுவதும் அந்த அம்புக்குறிக்குள் இருக்க, மாணவன் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறான். வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் ஒரு லோட்டாவைப் பற்றி எழுப்பிய கேள்விகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: எவ்வளவு நீர் கொள்ளும், தலையில் சுமப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கையிலும் காலியாக இருக்கையிலும் அதன் பாரம் எங்கே தங்கும் என்று, ஒரு சிறு செம்புக்கே அவர்கள் ஓர் உலகத்தை விசாரித்தார்கள்.

இந்த விசாரணையைப் படத்தின் வழியாகவே நடத்தும் மார்க்கம் ஒன்று நார்வேயில் தோன்றியிருக்கிறது. ஆஸ்லோவில் உள்ள கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய பிர்கர் செவால்ட்சன், தம் மாணவர்களை மேசையை மறைக்கும் பெரிய தாளில் ‘கிகாமேப்’ என்ற பெரும்படத்தை வரையவைத்தார். அதில் சுருக்குவதற்கு அவசரம் கிடையாது. சட்டமும், கைப்பிடியின் வடிவமும், ஊழியரின் மனக்குறையும், பணத்தின் ஓட்டமும் ஒரே தாளில் இடம் பெறலாம். சம்பந்தப்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து வரையலாம். வெளியார் பார்த்தால் ஒன்றும் விளங்காது என்பது இதன்மேல் சொல்லக்கூடிய ஆட்சேபம். அது உண்மைதான் என்றாலும் குற்றமாகாது. வரைந்தவர்கள் தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட படம் அது. ஆனால் சேர்ப்பதிலேயே ஒரு மயக்கம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. எதையும் விடமாட்டேன் என்கிறவன் எதையும் தீர்மானிக்காமலே காலத்தைக் கழித்துவிடக் கூடும்.

அந்த மயக்கத்துக்கு மருந்தாக நான் கருதுவது, லின் ஷோஸ்டாக் என்னும் வங்கித் துறை அம்மையார் 1984இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் வெளியிட்ட கட்டுரையை. அவர் எடுத்துக்கொண்டது தெருமுனையில் பூட்ஸுக்குப் பாலீஷ் போடும் தொழில். தூசி தட்ட 30 விநாடி, பாலீஷ் தடவ 30 விநாடி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்க 45 விநாடி, காசு வாங்க 15 விநாடி, ஆக 2 நிமிஷம் என்று படிகளைப் பிரித்து வரைந்தார். வேறு நிறப் பாலீஷைத் தடவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு கிளை இட்டு, அதைத் துடைத்தெடுக்கும் விநாடிகளையும் கணக்கில் சேர்த்தார். நேரம் கூடக் கூட லாபம் கரைவதையும் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்: அதற்கு மேலே வாடிக்கைக்காரர் காண்பவை, கீழே பாலீஷ் டப்பாவைத் தேர்ந்து வாங்கி வைப்பது போன்று அவர் காணாதவை. பெக் அழித்த இடத்தில் ஷோஸ்டாக் கோடு கிழித்தார் என்று சொல்லலாம். காணாததும் தாளிலேயே இருக்கிறது. காணாதது என்ற அடையாளத்தோடு இருக்கிறது.

ஆகவே பயிற்சியின் கிரமம் தலைகீழாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதல் வாரங்களில் மாணவன் அந்த இடத்திலேயே போய் நின்று, சுவரோரம் உட்கார்ந்திருப்பவனோடு பேசி, பெரும்படத்தை நிரப்பட்டும். பிறகு கோட்டைக் கிழித்துக் காண்பதையும் காணாததையும் பிரிக்கட்டும். கடைசியில்தான் பிரயாணிக்கோ நோயாளிக்கோ உரிய சிறுபடத்துக்கு வரட்டும். அச்சிறுபடத்தோடு, அதில் விடப்பட்டவை இன்னின்ன, இன்னாருக்காக விடப்பட்டன என்ற ஒரு பக்கக் குறிப்பையும் அவன் ஒப்படைக்க வேண்டும்; ஆசிரியர் அந்தக் குறிப்பைப் படித்த பிறகே படத்துக்கு மதிப்பெண் இட வேண்டும். அப்படி ஒரு குறிப்பு பெக்கின் படத்தோடு இருந்திருந்தால் அதன் முதல் வரி இரு நிலையங்களுக்கு இடையே நடக்கும் தூரமாகவே இருந்திருக்கும். அந்த வரியை லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2015இல்தான் எழுதியது. மத்திய லண்டனின் சுரங்க ரயில் படத்தை மறுபடி வெளியிட்டு, நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே நடப்பதற்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்ற எண்களை, பெக்கின் நேர்க்கோடுகளின் மேலேயே அது குறித்துக் கொடுத்தது.