கட்டியக்காரன் வெறும் கோமாளியா? கூத்து பார்க்கும் முன் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சொற்கள்

நாடகப் பாடத்தில் 'மேடை', 'இயக்குநர்', 'காட்சி' என்று படித்த மாணவர், பாகூர் கொம்யூனில் செலியமேடு மாதிரியான ஊர்ப்பக்கம் தெருக்கூத்து பார்க்கப் போனால் கொஞ்சம் திணறலாம். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரக் கூத்துக்காரர்களிடம் புழங்கும் சொற்களே வேறு.

ஆடுகிற இடம் 'களரி'. உயரமான மேடை கட்டாயமில்லை, தரையே போதும். குழுவுக்குப் பெயர் 'ஜமா'. பாட்டும் அடவும் சொல்லிக்கொடுத்து நடத்துபவர் 'வாத்தியார்'. அப்போ அவர்தான் இயக்குநரா? பாதி சரி. வாத்தியாரே வேஷமும் கட்டுவார், தேவைப்பட்டால் பின்பாட்டும் பாடுவார். பின்பாட்டு என்றால், ஆடுபவர் பாடியதை வாங்கித் திருப்பிப் பாடுவது. அதைப் பாடுபவர்கள் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு களரியின் பின்பக்கம் இருப்பார்கள்.

முகப்பூச்சு 'அரிதாரம்'. ராஜா, வீரன் வேஷங்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் உண்டு. மரத்தில் செய்த இந்த அணிகளைக் கட்டி ஆடுவதால்தான் 'கட்டைக்கூத்து' என்ற பெயர்.

திரை விஷயத்தில்தான் பலர் குழம்புவார்கள். சினிமா, நாடக அரங்குகளில் திரை விலகினால் காட்சி தெரியும். கூத்தில் தெரிவது ஒரு ஆள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்திருக்க, அதற்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகே வேஷக்காரர் முழுசாக வெளியே வருவார். இது 'திரைப் பிரவேசம்'.

கட்டியக்காரனை 'கோமாளி' என்று எழுதிவிடுவது வழக்கம். அவர் சிரிக்க வைப்பார், உண்மைதான். ஆனால் கட்டியம் என்பது ராஜா வருகையைப் புகழ்ந்து அறிவிப்பது. கதையைத் தொடங்கி வைப்பவர், வருகிற வேஷத்தை 'நீங்க யாரு?' என்று விசாரிப்பவர், காவலாளி, தூதன், நடுவே ஊர் நடப்பைக் கிண்டலடிப்பவர் எல்லாமே அவர்தான். கோமாளி என்று மட்டும் எழுதினால் இதில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் ஆகியவை கூத்துச் சொற்கள் அல்ல. கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகத்தில் இருந்து வந்தவை. 'பார்ட்' என்பது வேஷத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இந்த மேடைக்காக வள்ளி திருமணம், பவளக்கொடி உள்ளிட்ட நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில்தான். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

பாடப்புத்தகச் சொல் எதற்கும் பிடிபடாத ஒன்றும் உண்டு: 'படுகளம்'. திரௌபதி அம்மன் திருவிழாவில் பல இரவுகள் பாரதக் கூத்து நடந்த பிறகு, துரியோதனன் விழுந்து கிடப்பதுபோல மண்ணால் பெரிய உருவம் செய்வார்கள். அங்கே களரி, பார்வையாளர் என்ற பிரிவே கிடையாது. பகல் வெளிச்சத்தில் ஊரே சுற்றி நிற்க, வேஷக்காரர்கள் அந்த மண் உருவத்தின் மேலேயே ஏறி ஆடுவார்கள்.