துப்பாக்கிக்கு ஒரு சித்திரக்கதை

பொட்டி தட்டுற மக்களுக்கு இது புதுசா இருக்காது. புராஜக்ட் முடியப்போற நேரத்தில் "டாக்குமெண்டேஷன் யார் பண்றது?" என்று ஒரு கேள்வி வரும். எல்லாரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். கடைசியில் அந்த வாரம் யாருக்கு ஆணி கம்மியோ அவர் தலையில் விடியும். "செஞ்சவனுக்குத் தெரியாததா? அவனே எழுதட்டும். இதுக்குன்னு தனியா ஒரு டெக்னிக்கல் ரைட்டருக்குச் சம்பளம் கொடுக்கணுமா?" என்பது மேலிடத்துக் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்ட எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மென்பொருள் துறையில் இல்லை, அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறது.

வில் ஐஸ்னர் என்று ஒருத்தர். 1917-ல் பிறந்தவர். 1940-லிருந்து 'தி ஸ்பிரிட்' என்ற சித்திரக்கதையை அமெரிக்கப் பத்திரிகைகளில் போட்டுக்கொண்டிருந்தார். காமிக்ஸ் உலகத்தின் பெரிய விருதுக்கே இன்றைக்கு இவர் பெயர்தான். 1942-ல் இவரைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். படம் போடுகிற ஆள் என்பதால் 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற பத்திரிகை வேலை கிடைத்தது. ராணுவ வண்டிகளை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லும் பத்திரிகை அது.

அப்போதும் மேனுவல் இல்லாமல் இல்லை. தலையணை சைஸில் இருந்தது. வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. படிக்க வேண்டியவனோ, நேற்றுவரை வயலிலும் கடையிலும் நின்ற இருபது வயசுப் பையன். ஐஸ்னர் அவனுக்காக 'ஜோ டோப்' என்ற ஒரு மண்டுச் சிப்பாயை வரைந்தார். செய்யக்கூடாததை எல்லாம் அவன் செய்வான், வண்டி படுத்துவிடும். சிரித்துக்கொண்டே பையன்கள் எண்ணெய் மாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் ஐஸ்னர் 'அமெரிக்கன் விஷுவல்ஸ்' என்று கம்பெனி தொடங்கினார். நியூயார்க் டெலிபோன் மாதிரி வியாபார நிறுவனங்களுக்கும் விளக்கப் படைப்புகள் செய்து கொடுத்தது இந்தக் கம்பெனி. 1950-ல் கொரியப் போர் வந்தது. பழைய தளவாடங்களைத் தூசி தட்டி எடுத்தால் பராமரிப்பு மறுபடி தலைவலி. ராணுவம் இவரிடமே வந்தது. 1951 ஜூனில் 'பி.எஸ்.' என்ற மாத இதழ் தொடங்கியது. கடிதத்தின் அடியில் 'பின்குறிப்பு' என்று போடுவோமே, அதுதான் பெயருக்கு அர்த்தம். அதாவது, அதிகாரபூர்வ மேனுவல்களுக்கு இது பின்குறிப்பு!

வேலைப் பங்கீட்டைக் கவனியுங்கள். தொழில்நுட்ப விஷயத்தை எழுதியவர்கள் ராணுவத்தின் சொந்த எழுத்தாளர்கள். அதைப் பக்கமாக்கி, படமாக்கி, படிக்க வைத்தது ஐஸ்னரின் கம்பெனி. சிப்பாய்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள், இதழில் பதில் வரும். ஐஸ்னர் நியூயார்க்கில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கொரியாவுக்கும், 1967-ல் வியட்நாமுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1971 வரை, ஏறக்குறைய இருபது வருஷம் இந்த வேலையில் இருந்தார்.

சரி, இனிமேல்தான் சங்கதியே.

வியட்நாமில் சிப்பாய்களுக்கு எம்-16 என்ற புதுத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். லேசானது, நவீனமானது. இதை அதிகம் துடைக்கவே தேவையில்லை என்ற பேச்சும் கூடவே பரவியது. பல யூனிட்டுகளுக்குத் துடைக்கும் சாமான்களே போய்ச் சேரவில்லை. தோட்டாவின் வெடிமருந்தையும் நடுவில் மாற்றியிருந்தார்கள். அதில் புகைக்கரி அதிகம். குண்டு உட்காரும் அறைக்குக் குரோமிய முலாம் கிடையாது. வியட்நாம் ஈரத்தில் அது துருப்பிடித்தது. விளைவு, சுட்டபின் காலித் தோட்டாக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். எதிரே ஆள் சுட்டுக்கொண்டிருக்க, குழாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். கம்பி இருந்தால்! பிரித்துப் போட்ட துப்பாக்கி பக்கத்தில் கிடக்கச் செத்துக்கிடந்த வீரர்களைப் பற்றிய கடிதங்கள் 1967-ல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தன. ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கை ராணுவத்தைக் காய்ச்சி எடுத்தது.

இதையடுத்து 1968-ல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பாக்கெட்டில் வைக்கிற அளவு, 32 பக்கம், ஐஸ்னர் படங்கள். துப்பாக்கியை ஒரு பெண்ணாகப் பாவித்துச் செய்திருந்தார். (இன்றைக்குப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும் இரட்டை அர்த்தங்கள் நிறைய. இருபது வயசுச் சிப்பாயை மனதில் வைத்துச் செய்தது.) எப்படிப் பிரிப்பது, எங்கே பிரஷ் போடுவது, எங்கே எத்தனை எண்ணெய், எதைக் கண்டிப்பாகச் செய்யக்கூடாது, எல்லாம் வரிசையாக.

புத்தகம்தான் துப்பாக்கியைச் சரிசெய்தது என்று ஜல்லியடிக்க மாட்டேன். குரோமிய முலாம் வந்தது, உதிரிபாகங்கள் மாறின, துடைக்கும் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. கெட்ட பொருளை நல்ல மேனுவல் காப்பாற்றாது. ஆனால் ஒன்று. "துடைக்க வேண்டாம்" என்பதும் ஒருவகையில் டாக்குமெண்டேஷன்தான். யாரும் பொறுப்பாக எழுதாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பெனியில் அதற்குப் பெயர் 'காபி மிஷின் பக்கத்துல யாரோ சொன்னாங்க'. அங்கே சர்வர் படுக்கும், இங்கே ஆள் செத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு உறுத்துவது தேதிகள்தான். பராமரிப்பைப் படிக்கிற மாதிரி சொல்லத் தெரிந்த ஆட்கள் 1951-லிருந்து அதே ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். துப்பாக்கி கையில் போன அன்றைக்கே இந்த 32 பக்கமும் கூடப் போயிருக்கலாம். ஆட்கள் செத்து, கடிதங்கள் வந்து, விசாரணை முடிந்த பிறகுதான் போனது. ரைட்டரைக் கடைசியில் கூப்பிடுவது அன்றைக்கே இருந்த வியாதி.

ஆகவே மேனேஜர் பெருமக்களே, தனியாக ஒரு ரைட்டரை வைக்கும்போது இலக்கணம் திருத்த மட்டும் ஆள் எடுக்காதீர்கள். படிக்கப்போகிறவன் யார் என்று தெரிந்தவரை எடுங்கள். அவரைக் களத்துக்கு அனுப்புங்கள். வரும் கேள்விகளை அவர் மேசைக்கு விடுங்கள். முக்கியமாக, முதல் நாளே கூப்பிடுங்கள். "இதைத் துடைக்க வேண்டாம்னு சொன்னது யாரு?" என்று கேட்பது அவராகத்தான் இருக்கும். செய்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றாது, பாவம், அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே :-)