மூணு தாமஸ் ஹாட்ஜ்கின்கள்

எம்பிபிஎஸ் முதல் வருஷம் பிசியாலஜியில் ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி. பயோகெமிஸ்ட்ரியில் இன்சுலினோட வடிவத்தைக் கண்டுபிடிச்ச ஹாட்ஜ்கின். அடுத்து பேத்தாலஜியில் ஹாட்ஜ்கின் லிம்போமா. மூணும் ஒரே ஆள்னு நினைச்சுக்கிட்டே பாஸாகிப் போறவங்க உண்டு. ஒரு சின்ன த்ரெட்.

முதல்ல சுலபமானவங்க. கணவாயோட தடிச்ச நரம்பை வச்சு நரம்புல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு காட்டினவர் ஆலன் ஹாட்ஜ்கின். 1963 மருத்துவ நோபல். அடுத்த வருஷமே வேதியியல் நோபல் டோரதி ஹாட்ஜ்கினுக்கு. பெனிசிலின், பி12 ரெண்டோட வடிவத்தையும் எக்ஸ்ரே மூலமா கண்டவர். இன்சுலின் 1969ல்தான், நோபலுக்கு அப்புறம்.

டோரதிக்கு ஹாட்ஜ்கின் புகுந்த வீட்டுப் பேர். கணவர் தாமஸ் ஹாட்ஜ்கின், ஆலனோட பெரியப்பா பையன்.

இங்கதான் சிக்கல். இந்த தாமஸோட தாத்தா பேரும் தாமஸ் ஹாட்ஜ்கின். அந்தத் தாத்தாவோட பெரியப்பா பேரும் தாமஸ் ஹாட்ஜ்கின்! நமக்கு மட்டும்தான் பேரன்னா 'பெயரன்'னு நினைச்சுட்டு இருந்தோம். ஓபியில முருகேசன்னு கூப்பிட்டா மூணு பேர் எழுந்திரிக்கும்போது வயசு கேட்போம்ல, அதே வழிதான் இங்கயும். 1798ல பிறந்தவர் டாக்டர். 1831ல பிறந்தவர் பேங்கர்; ரோம் மேல படையெடுத்தவங்களைப் பத்தி எட்டு வால்யூம் எழுதின வரலாற்று ஆசிரியர். 1910ல பிறந்தவர் டோரதியின் கணவர்.

லிம்போமா டாக்டரோடது. பாரிஸ்ல லேனெக்கிட்ட படிச்சு, லண்டன் கைஸ் மருத்துவமனைக்கு ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டு வந்தவர். அங்க பிணக்கூறாய்வும் மியூசியமும் அவர் பொறுப்பு. 1832ல நெறிக்கட்டியும் மண்ணீரலும் வீங்கின ஏழு பேரைப் பத்தி எழுதினார். யாரும் கண்டுக்கல.

குவேக்கர். அடிமை முறையை எதிர்த்தவர். கனடாவுல ஹட்சன் பே கம்பெனி பூர்வகுடிகளை நடத்துற விதம் சரியில்லைன்னு ஒருத்தருக்கு எழுதினார். அந்த ஒருத்தர் கைஸ் மருத்துவமனையின் பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசன். (அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசன் வேற ஆளுங்க!) அவரே அந்தக் கம்பெனி நிர்வாகத்துலயும் இருந்தார். 1837ல உதவி மருத்துவர் பதவி காலியானப்ப ஹாட்ஜ்கினுக்குக் கிடைக்கல. முக்கியக் காரணம் இந்தப் பகைன்னுதான் சொல்றாங்க. ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். அதே சமயம் பூர்வகுடிகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினவர்கள்ல ஒருத்தரானார்.

பிறகு அதே கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் இந்த நோயைத் தானே கண்டதா நினைச்சு எழுதினார். ஹாட்ஜ்கின் முன்னாடியே எழுதிட்டார்னு தெரிஞ்சதும், 1865ல அவர் பேரையே நோய்க்கு வச்சுட்டார். இந்தப் பெருந்தன்மை நம்ம துறையில அபூர்வம். ஆனா ஆளைத் தள்ளிவிட்ட இடத்துலேர்ந்து 28 வருஷம் கழிச்சு வந்த மரியாதை. அடுத்த வருஷம், 1866ல, பாலஸ்தீனத்துல யாஃபாவில் சீதபேதியில இறந்தார். அடக்கம் அங்கயேதான்.

எழுபது வருஷம் கழிச்சு அதே பாலஸ்தீனத்துல பிரிட்டிஷ் அரசு வேலையில இருந்தார் மூணாவது தாமஸ். அரபு எழுச்சியை அரசு ஒடுக்கினது பிடிக்காம 1936ல வேலையை விட்டார். அப்புறம் ஆப்பிரிக்க விடுதலை பத்தி எழுதி, கானா பல்கலைக்கழகத்துக்கே போயிட்டார். 1964ல டோரதிக்கு நோபல்னு செய்தி வந்தப்ப, அவங்க ஆக்ஸ்ஃபோர்டுல இல்ல. கானாவில் வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தாங்க.