பேர் இருந்தது, பாயிண்ட் இல்லை!

எங்க ஒலக்கூர் பக்கம் சடுகுடுன்னா பெரியவங்க சொல்ற ஒரே சூத்திரம்: "ஒருத்தன் பாடிப் போறான், ஏழு பேர் ஆடுறாங்க." இதை மறந்தா என்னாகும்? 2019-ல தமிழ் தலைவாஸ் அணிக்கு ஆனது ஆகும்.

அந்த வருஷ புரோ கபடி அணியைப் பாருங்க. 2016 உலகக் கோப்பையில் கலக்கிய அஜய் தாக்கூர் கேப்டன். 94 லட்சத்துக்கு எடுத்த ராகுல் சவுத்ரி. பிடியில் மஞ்சித் சில்லர். போஸ்டர் பார்த்தே கப்பு நமக்குன்னு நினைச்சோம். முதல் மேட்ச்ல தெலுங்கு டைட்டன்ஸை 39-26ன்னு சாய்ச்சதும் சந்தேகமே போச்சு.

அப்புறம்? 22 ஆட்டத்தில் 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமன். 37 புள்ளியோடு 12 அணிகளில் 12-வது இடம். பாதியிலேயே கோச் பாஸ்கரன் விலகினார். 2017, 2018-லயும் நம்ம பிரிவில் நாமதான் கடைசி. மூணு வருஷமா அடிவாரம்!

ஆனா கதை அங்க முடியலை. 2022-ல 2.26 கோடிக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார். அவ்ளோதான்னு நினைச்சேன். நரேந்தர் மாதிரி பெரிசா பேர் தெரியாத பசங்க சேர்ந்து, அணியை முதல்முறையா அரையிறுதிக்குக் கொண்டு போனாங்க. புனேகிட்ட தோத்தாங்க, இருந்தாலும் எனக்கு வருத்தமே இல்லை.

2019-ல தோத்தது ஆட்டக்காரங்க மட்டும் இல்லைங்க. பேரைப் பார்த்து கை தட்டின நாமளும்தான். என்ன சொல்றீங்க?